ஃபேன் வேகத்தை எங்கிருந்து கட்டுப்படுத்துவது: பயாஸா, மென்பொருளா, ஹப்பா?

மேசைக் கணினியின் ஃபேன் ஓயாமல் இரைகிறது என்றதும் பலர் முதலில் தேடுவது ஒரு மென்பொருளை. அதை நிறுவி, எந்த வெப்பத்தில் எவ்வளவு வேகம் என்று காட்டும் கர்வை இழுத்து வளைத்து, சத்தம் குறையவில்லை என்று தெரிந்த பிறகுதான் கேபினெட்டைத் திறக்கிறார்கள். முதலில் திறக்க வேண்டியது கேபினெட்டைத்தான். பயாஸ் (இயங்குதளத்துக்கு முன்பே மதர்போர்டில் ஓடும் அடிப்படை நிரல்), மென்பொருள், தனி ஹப், ரெசிஸ்டர் கேபிள் என நான்கு வழிகள் உண்டு. உங்கள் கணினிக்கு எது பொருந்தும் என்பதில் பாதியை ஃபேன் ஒயரின் முனையில் இருக்கும் துளைகளே சொல்லிவிடும்.

மூன்று பின்னா, நான்கு பின்னா?

மூன்று பின் ஃபேனில் கிரவுண்ட், 12 வோல்ட், வேகத்தை அளந்து சொல்லும் டேக்கோ ஒயர் ஆகியவை மட்டுமே இருக்கும். அதன் வேகத்தைக் குறைக்க வோல்டேஜைக் குறைப்பதுதான் வழி. இதற்கு டிசி மோடு என்று பெயர். நான்கு பின் ஃபேனுக்கு எப்போதும் முழு 12 வோல்ட் போகும். நான்காவது ஒயரில் சுமார் 25 கிலோஹெர்ட்ஸில் வரும் பிடபிள்யூஎம் சிக்னல் விரைவாக ஆன், ஆஃப் ஆகும்; அது எத்தனை சதவீத நேரம் ஆனில் இருக்கிறது என்பதுதான் வேகத்தை நிர்ணயிக்கிறது.

கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டும் மாறிப்போவதால் வருபவை. மூன்று பின் ஃபேனை மாட்டிவிட்டு பயாஸில் அந்த ஹெடரை (மதர்போர்டில் ஃபேனைச் செருகும் இடம்) பிடபிள்யூஎம் மோடில் விட்டால், கர்வை எப்படி வளைத்தாலும் ஃபேன் முழு வேகத்தில்தான் ஓடும். நான்கு பின் ஃபேனை டிசி மோடில் விட்டால் ஓரளவு வேகம் குறையும். ஆனால் வோல்டேஜ் மிகவும் இறங்கும்போது மோட்டார் நின்று, மறுபடி உதைத்துக் கிளம்பி, திரும்பவும் நிற்கும். டிக் டிக் என்று சத்தம் கேட்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ‘ஆட்டோ’ என்று விட்டால் போர்டு தானே கண்டுபிடிக்கும் என்பார்கள். எல்லா நேரமும் அது சரியாகக் கண்டுபிடிப்பதில்லை. கையால் தேர்ந்தெடுப்பதே நல்லது.

மோடு சரியாக இருந்தும் நான்கு பின் ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறதா? சிக்னல் ஃபேனை எட்டவில்லை என்று பொருள். நான்காவது ஒயரில் எதுவும் வராவிட்டால் முழு வேகத்தில் ஓடும்படிதான் இந்த ஃபேன்கள் வடிவமைக்கப்பட்டுள்ளன. நான்காவது ஒயர் இல்லாத எக்ஸ்டென்ஷன் கேபிளோ, அரைகுறையாகச் செருகிய கனெக்டரோ காரணமாக இருக்கலாம். கணினியை அணைத்து, அந்த ஃபேனை ஒழுங்காக வேலை செய்யும் இன்னொரு ஹெடரில் மாட்டிப் பாருங்கள். பிறகு வேறொரு நல்ல ஃபேனைப் பழைய ஹெடரில் மாட்டிப் பாருங்கள். பழுது ஃபேனிலா ஹெடரிலா என்பது இந்த இரண்டு மாற்றங்களில் தெரிந்துவிடும்.

பயாஸ்: சிபியு ஃபேனுக்கு இதுதான்

சிபியு ஃபேனைப் பொறுத்தவரை பயாஸ்தான் சரியான இடம் என்பதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை. இயங்குதளம் தொடங்கும் முன்பும், அது உறைந்து போனாலும், மதர்போர்டில் உள்ள சிப் வெப்பத்தைப் படித்து ஃபேனை ஓட்டிக்கொண்டே இருக்கும்.

தொடங்குவதற்கு ஒரு கர்வ்: 40 டிகிரியில் 30 சதவீதம், 60இல் 45, 75இல் 70, 85இல் 100. இதை அமைத்த பின்பும் பிரவுசரைத் திறக்கும்போதெல்லாம் ஃபேன் சீறி அடங்குகிறது என்றால் குறை கர்வில் இல்லை. இன்றைய பிராசசர்களின் வெப்பம் ஒரு நொடிக்குள் 10 டிகிரிக்கு மேல்கூட எகிறி இறங்கும். அந்த நேரத்தில் ஹீட்சிங்க் இன்னும் சூடாகியே இருக்காது. ஃபேன் வேகமெடுத்தும் பயனில்லை. பயாஸில் ‘ஸ்டெப் அப்’, ‘ஸ்மூத்திங்’ என்பது போன்ற பெயரில் தாமதத்துக்கான அமைப்பு இருந்தால், ஏறுவதற்கு 3 முதல் 5 நொடி, இறங்குவதற்கு அதைவிடக் கூடுதலாக வையுங்கள். வெப்பம் சிறிதளவு மாறும்போது வேகம் மாறாமல் தடுக்கும் ஹிஸ்டெரிசிஸ் அமைப்பு இருந்தால் 3 அல்லது 4 டிகிரி போதும்.

மெதுவாகச் சுழலும் ஃபேனை வைத்தவர்களுக்கு ‘சிபியு ஃபேன் எரர்’ வந்து பூட் நிற்பதுண்டு. ஃபேன் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். எச்சரிக்கைக்கான வேக வரம்பு 600 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 600 சுற்று) போல உயரமாக இருந்தால் 500 ஆர்பிஎம்மில் ஓடும் நல்ல ஃபேனும் பிழையாகத் தெரியும். வரம்பை 200 அல்லது 300க்கு இறக்குங்கள். ‘இக்னோர்’ மட்டும் வேண்டாம். ஃபேன் நிஜமாகவே நின்றுபோகும் நாளில் வரவேண்டிய எச்சரிக்கையும் அதோடு போய்விடும்.

பயாஸின் பெரிய குறை, பெரும்பாலான போர்டுகளில் அதற்குக் கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பம் தெரியாது. கேம் ஓடும்போது சிபியு 60 டிகிரியில் நிதானமாக இருக்க, கார்டு 80ஐத் தாண்டிக் கொதிக்கும். சிபியுவை மட்டும் பார்க்கும் கேபினெட் ஃபேன்கள் சோம்பலாகச் சுழலும்.

மென்பொருள்: கேபினெட் ஃபேன்களுக்கு

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் மென்பொருள். விண்டோஸில் ‘ஃபேன் கன்ட்ரோல்’ என்ற இலவச நிரலில் சிபியுவுக்கு ஒரு கர்வ், கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒரு கர்வ் அமைத்து, இரண்டில் எது அதிகமோ அதன்படி கேபினெட் ஃபேன்களை ஓட்டலாம். ஃபேன் எத்தனை சதவீதத்தில் நிற்கிறது, எத்தனையில் கிளம்புகிறது என்றும் அளந்து தரும். நின்ற ஃபேன் கிளம்புவதற்கு, ஓடும் ஃபேன் தொடர்ந்து ஓடுவதற்குத் தேவையானதைவிடக் கூடுதல் சதவீதம் வேண்டும். இரண்டையும் ஒரே எண்ணாக வைத்தால் ஃபேன் கிளம்பாமலே நிற்கலாம்.

போர்டு நிறுவனத்தின் நிரலையும் இதையும் ஒன்றாக ஓடவிடாதீர்கள். இரண்டும் ஒரே சிப்பில் மாறி மாறி எழுதுவதால் வேகம் ஊசலாடும். 2025இல் விண்டோஸ் டிஃபெண்டர், வன்பொருளை நேரடியாக அணுக நிரல்கள் பயன்படுத்தும் வின்ரிங்0 டிரைவரை ஆபத்தானது என்று அடையாளம் காட்டத் தொடங்கியபோது, அதை நம்பியிருந்த பல நிரல்கள் நின்றுபோயின. பழைய பதிப்பு திடீரென்று எதையும் கட்டுப்படுத்தாமல் போனால் அங்கே பாருங்கள். டிஃபெண்டரில் விலக்கு கொடுப்பதைவிடப் புதிய பதிப்புக்கு மாறுவதே பாதுகாப்பு.

லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸும் ஃபேன்கன்ட்ரோலும் (பெயர் ஒத்திருந்தாலும் இது வேறு நிரல்) வெப்பத்துக்கு ஏற்ப ஃபேன் வேகத்தை மாற்றும். அவற்றோடு வரும் ‘பிடபிள்யூஎம்கான்ஃபிக்’ என்ற அமைப்புக் கருவி ஒவ்வொரு ஃபேனாக நிறுத்திப் பார்த்து எது எந்தக் கட்டுப்பாட்டோடு இணைந்தது என்று கண்டறியும். அது எதையும் காணவில்லை என்றால், போர்டின் சிப்புக்கு உரிய கர்னல் மாட்யூல் (டிரைவர்) ஏறவில்லையா என்று பாருங்கள். நேற்றுவரை ஓடியது மறுதொடக்கத்துக்குப் பின் ஓடாவிட்டால், சென்சார் சிப்புகளுக்கு லினக்ஸ் தரும் ‘எச்டபிள்யூமான்’ எண்கள் இடம் மாறியிருக்கக்கூடும். பிடபிள்யூஎம்கான்ஃபிக்கைத் திரும்ப ஓட்டினால் சரியாகும்.

ஹப்: எண்ணிக்கைக்காக மட்டும்

ஹப் வேகத்தைத் தானாக முடிவு செய்வதில்லை. ஒரு ஹெடரிலிருந்து வரும் சிக்னலைப் பல ஃபேன்களுக்குப் பகிர்கிறது, மின்சாரத்தை பவர் சப்ளையின் சாட்டா கேபிளிலிருந்து எடுத்துக்கொள்கிறது. சாதாரண ஹெடர் பொதுவாக 1 ஆம்பியர் வரை தாங்கும். ஃபேனின் ஸ்டிக்கரில் 0.25 ஆம்பியர் என்றிருந்தால் மூன்றை ஸ்பிளிட்டரில் (ஒரு ஹெடரைப் பலவாகப் பிரிக்கும் கேபிள்) மாட்டலாம். கிளம்பும் நொடியில் கூடுதலாக இழுக்கும் என்பதால் நான்காவதை மாட்டாதீர்கள். அதற்கு மேல் போனால் ஹப் அவசியம்.

சிக்னலை மட்டும் பகிரும் ஹப்பில் மூன்று பின் ஃபேன் முழு வேகத்தில்தான் ஓடும். ஹப் இணைந்த ஹெடரும் பிடபிள்யூஎம் மோடில் இருக்க வேண்டும். ஒரே ஒரு போர்ட்டின் டேக்கோ மட்டும்தான் மதர்போர்டுக்குப் போகும். பெரும்பாலும் 1 என்று எண்ணிட்டிருக்கும். அதைக் காலியாக விட்டால் போர்டுக்கு 0 ஆர்பிஎம் என்று தெரியும். லிக்விட் கூலரின் பம்ப்பை ஹப்பில் மாட்டவே வேண்டாம். அதற்குத் தனி ஹெடர், கூலரின் கையேடு வேறு சொல்லாதவரை முழு வேகம்.

ரெசிஸ்டர் கேபிள்

இது இடையில் உள்ள ரெசிஸ்டரால் ஃபேனுக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்கும் கேபிள். ஒரே ஒரு ஃபேன், நிலையான குறைந்த வேகம் போதும் என்றால் சரி. ஒரு கேபிளில் இரண்டு ஃபேன்களை மாட்டினால் மின்னோட்டம் கூடி, வோல்டேஜ் மேலும் விழுந்து, இரண்டுமே கிளம்பாமல் போகலாம். 12 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே ஃபேனை இணைத்து 7 வோல்ட் எடுக்கும் பழைய உத்தியைக் கைவிடுங்கள்; ஃபேன் ஷார்ட் ஆனால் 12 வோல்ட் நேராக 5 வோல்ட் லைனில் பாயும்.

எங்கள் தேர்வு

சிபியு ஃபேன் பயாஸில், கேபினெட் ஃபேன்கள் மென்பொருளில். கேபினெட் ஹெடர்களுக்கும் பயாஸில் ஒரு நியாயமான கர்வ் இருக்கட்டும். நிரல் தொடங்கும்வரை அதுதான் காக்கும். நிரலில் கேபினெட் ஃபேன்களின் குறைந்தபட்சத்தை 40 சதவீதத்துக்குக் கீழே இறக்க வேண்டாம். முறையாக மூடினால் கட்டுப்பாட்டை போர்டுக்குத் திருப்பித் தரும் நிரல்கூட, கிராஷ் ஆனால் கடைசி வேகத்திலேயே ஃபேனை விட்டுவிடலாம். அமைத்து முடித்ததும் 20 நிமிடம் கனமான வேலை கொடுத்து வெப்பம் ஒரு நிலையில் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு கணினி சும்மா இருக்கும்போது டாஸ்க் மேனேஜரில் நிரலை வலுக்கட்டாயமாக நிறுத்தி, மறுபடி அதே வேலையைக் கொடுங்கள். கார்டின் வெப்பம் 90ஐ நோக்கி ஏறினால் குறைந்தபட்சத்தை 10 சதவீதம் உயர்த்தி, இன்னொரு முறை சோதியுங்கள்.