ஹெவன்ஸ் அபவா, ஸ்டெல்லேரியமா? கடந்துபோன செயற்கைக்கோளுக்குப் பெயர் கண்டுபிடிக்க எது தோது

செயற்கைக்கோளைப் பார்க்க மென்பொருள் எதுவும் வேண்டாம். பொழுது சாய்ந்து முக்கால் மணி நேரம் கழித்து மொட்டை மாடியில் பதினைந்து நிமிடம் நின்றால், மேகமில்லாத நாளில் ஒன்றாவது கண்ணில் படும். பெயர் கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்கு இலவசமாகக் கிடைப்பவற்றில் முக்கியமானவை ஹெவன்ஸ் அபவ் இணையதளமும் கணினியில் நிறுவும் வான்காட்சி நிரலான ஸ்டெல்லேரியமும். நான் நிலைத்தது ஸ்டெல்லேரியத்தில். ஆனால் அதற்குப் பராமரிப்பு வேண்டும். அதைச் செய்ய மனமில்லாதவர்கள் ஹெவன்ஸ் அபவோடு நின்றுகொள்வதே நல்லது.

ஹெவன்ஸ் அபவ் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஊரையும் நேர மண்டலத்தையும் கொடுத்தால் சர்வதேச விண்வெளி நிலையம் அடுத்த 10 நாள்களில் எப்போது தென்படும், எந்தத் திசையில் எழும், உச்சத்தில் எத்தனை டிகிரி, எங்கே மறையும் என்று பட்டியல் வந்துவிடும். வரியைச் சொடுக்கினால் வான்வரைபடம். சீனாவின் தியான்கொங் நிலையத்துக்கும் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கிக்கும் இது போதும். ஹப்பிளின் பாதை பூமத்திய ரேகைக்கு 28.5 டிகிரிதான் சாய்ந்திருக்கிறது என்பதால் தமிழ்நாட்டில் அது தலைக்கு மேலேயே போகும்; லண்டனில் இருப்பவர்களுக்கு அது எட்டாக் காட்சி.

இனி வரப்போவதைச் சொல்ல இதை மிஞ்ச ஆளில்லை. ‘7.12-க்கு வடக்கே போனதே, அது என்ன?’ என்று கேட்டால்தான் சிரமம். அன்றைய பட்டியலில் நேரத்தையும் திசையையும் வரிவரியாக ஒப்பிட்டுத் தேட வேண்டும்.

ஸ்டெல்லேரியத்தில் வானத்தையே பின்னோக்கி ஓட்டலாம். எஃப்2 அழுத்தி, செருகுநிரல் பட்டியலில் சாட்டிலைட்ஸ் என்பதைத் தொடக்கத்திலேயே ஏற்றும்படி குறியிட்டு, நிரலை மூடித் திறக்க வேண்டும். எஃப்6-இல் ஊர், எஃப்5-இல் பார்த்த நேரம். பிறகு ஜே, எல் விசைகளால் காலத்தைப் பின்னும் முன்னும் நகர்த்தினால், நீங்கள் பார்த்த இரு விண்மீன்களுக்கு நடுவே எந்தப் புள்ளி போகிறது என்று தெரிந்துவிடும். ஆகவே மாடியில் குறித்துக்கொள்ள வேண்டியது, நொடியோடு சேர்ந்த நேரம், அது கடந்த விண்மீன், போன திசை. இந்த மூன்றில் நேரம் தவறினால் மற்ற இரண்டும் வீண். எல்லாச் செயற்கைக்கோளையும் காட்டச் சொன்னால் திரை ஸ்டார்லிங்க் எனும் இணையச் செயற்கைக்கோள்களின் புள்ளிகளால் மொய்த்துவிடும். பிரகாசமானவற்றின் தொகுப்பை மட்டும் முதலில் தேர்ந்தெடுங்கள்.

இனி அந்தப் பராமரிப்பு. இரண்டு நிரலும் டி.எல்.இ. எனப்படும் இரண்டு வரிச் சுற்றுப்பாதைத் தரவை நம்பித்தான் கணக்குப் போடுகின்றன. அது எடுக்கப்பட்ட நேரத்திலேயே சுமார் 1 கி.மீ. பிழை இருக்கும், பிறகு நாளுக்கு 1 முதல் 3 கி.மீ. வரை கூடும். தாழ்வான பாதையில் இதைவிட மோசம். ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில் மெல்லிய காற்று இழுக்கும்; விண்வெளி நிலையத்தையோ அவ்வப்போது எஞ்சினை இயக்கி மேலே தள்ளுவார்கள். அதற்கு முந்தைய தரவை வைத்திருந்தால் சில நாள்களிலேயே நேரம் நிமிடக் கணக்கில் பிசகும். தலைக்கு மேலே அது நொடிக்குச் சுமார் 1 டிகிரி நகர்வதால், 10 நொடி தவறினாலே கை நீட்டிப் பிடித்த முஷ்டி அகலத்துக்கு இடம் மாறிவிடும். அந்த இடைவெளியில் வேறொன்று போனால் தவறான பெயரை எழுதிவைப்போம்.

ஹெவன்ஸ் அபவில் இந்தத் தரவைத் தளமே பார்த்துக்கொள்கிறது. ஸ்டெல்லேரியம் தானாகப் புதுப்பிப்பது சில நாளுக்கு ஒருமுறைதான்; அன்றைய தரவு வேண்டுமானால் ஆல்ட்டும் இசட்டும் சேர்த்து அழுத்தி, அமைப்புகளில் உடனே புதுப்பிக்கும் பொத்தானை நாம்தான் தட்ட வேண்டும். மூலமான செலஸ்டிராக் தளத்தில் தரவு 2 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் மாறுகிறது. ஓயாமல் இறக்கினால் தடுத்துவிடுவார்கள். மாலையில் ஒருமுறை போதும். பார்த்த இரவிலேயே அடையாளம் கண்டுவிடுவதும் முக்கியம்: ஒரு மாதம் கழித்துப் புதிய தரவோடு பின்னோக்கி ஓட்டினாலும் அதே பிழைதான். சந்தேகம் வந்தால் தரவின் தேதியைப் பாருங்கள். முதல் வரியில் 25032.5 என்றிருந்தால் 2025-இன் 32-ஆவது நாள் நண்பகல், அதாவது பிப்ரவரி 1, உலகப் பொது நேரம் 12 மணி.

தரவு புதிதாக இருந்தும் பொருந்தவில்லையென்றால், கணினிக் கடிகாரத்தை இணைய நேரத்தோடு சரிபார்க்கவும். அடுத்தது இடம்: செங்கல்பட்டில் நின்றுகொண்டு சென்னையை வைத்திருந்தால், விண்வெளி நிலையம் 7 டிகிரி வரை விலகித் தெரியும்.

புதிதாக ஏவிய ஸ்டார்லிங்க் வரிசைக்கு இரண்டையுமே முழுதாக நம்ப முடியாது. அவை உந்துவிசையால் தொடர்ந்து உயர்ந்துகொண்டே இருப்பதால் சொன்ன நேரத்துக்கு முன்னும் பின்னும் சில நிமிடம் காத்திருங்கள். பிரகாசக் கணிப்பும் இரண்டிலுமே தோராயம்தான், சுழன்று மினுக்கும் ராக்கெட் உடல்களுக்கு இன்னும் தோராயம். கைப்பேசிச் செயலிகளில் நான் புழங்கியவை சில மட்டுமே. அவற்றில் தரவின் தேதியைக் காட்டாத எதையும் அடையாளம் காண வைத்துக்கொள்ள மாட்டேன்.

ஸ்டெல்லேரியத்துக்குப் போகிறவர்கள் நிரலின் பதிப்பையும் புதுப்பித்துவர வேண்டும். டி.எல்.இ.யில் ஒவ்வொரு பொருளுக்கும் தரும் பட்டியல் எண்ணுக்கு ஐந்தே இலக்கம். 99999-ஐத் தாண்டும் பொருள்களின் தரவு வேறு வடிவத்தில் வரும். பழைய பதிப்புக்கு அதைப் படிக்கத் தெரியாது.