பாண்டியில் கேமிங் சிஸ்டம் சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் படியுங்கள்: 14,500 ரூபாயும் ஒரு ஜோடி ரேமும் போச்சு

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்குத்தான் விஷயம் தெரிந்தது. அதற்கப்புறம் தூக்கமே வரவில்லை. கோபம் ஆறினால் "போனால் போகட்டும்" என்று நானும் விட்டுவிடுவேன். அதனால் இப்போதே உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்குக் கடலூர், தேவனாம்பட்டினம் பக்கம் வீடு. 2020 பொங்கல் சமயத்தில் சம்பளத்தில் சேர்த்துவைத்து ஒரு கேமிங் சிஸ்டம் போட்டேன். பிராசசர் ரைசன் 5 3600, திரையில் படத்தை வரைகிற கிராஃபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், எட்டு எட்டு ஜிபியாக இரண்டு ரேம். விளையாடுவது நான்தான். இதை முதலிலேயே சொல்லக் காரணம், அந்தக் கடையில் என்னிடம் மூன்று தடவை "தம்பிக்காம்மா?" என்று கேட்டார்கள்.

இந்தக் கத்திரி வெயிலில்தான் தொல்லை ஆரம்பித்தது. கேம் திறந்ததும் வெண்ணெய் மாதிரி ஓடும். பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து ஒரு சந்தில் காரைத் திருப்பினால் படம் அப்படியே பிடித்துக்கொள்ளும், அப்புறம் ஒரே தாவலாகத் தாவும். சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். சேஃப் மோடில் போய், டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளைப் போட்டு, கார்டின் டிரைவரைத் துடைத்துப் புதிதாக ஏற்றினேன். விண்டோஸை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். கேமை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். எதற்கும் அசையவில்லை. பிராசசர் எத்தனை டிகிரி சூட்டில் ஓடுகிறது என்பதை மட்டும் நான் பார்க்கவில்லை. அதைப் பார்த்திருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

கடலூரில் எனக்குத் தெரிந்த இரண்டு பேர், பாண்டியில் கேமிங் சிஸ்டம் மட்டுமே பார்க்கிற சேல்ஸ் அண்ட் சர்வீஸ் கடை ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். நகரத்துக்குள்ளேதான். பெயர் வேண்டாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கலர் லைட் எரிகிற கேபினெட்டுகளை வரிசையாக அடுக்கி, உள்ளே ஏசி போட்டு, பார்க்கவே நம்பிக்கையாக இருக்கும் கடை. அப்பாவும் நானும் கேபினெட்டைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டு பாண்டி பஸ் ஏறினோம். அரியாங்குப்பம் தாண்டும் வரைக்கும் அப்பா அதைத் தன் மடியில்தான் வைத்திருந்தார். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

கடைக்காரர் நாற்பது நாற்பத்தைந்து வயது இருப்பார். நல்ல பேச்சு. அப்பாவை உட்காரவைத்து டீ சொன்னார். நான் என்ன பிரச்னை என்று சொல்லச் சொல்ல, பதிலை அப்பாவைப் பார்த்தே சொன்னார். "நானும் பொண்ணு பெத்தவன்தான் சார். புள்ளைங்க ஆசையா வாங்கினது. செலவு வைக்காம முடிச்சுத் தரேன்." அந்த ஒரு வார்த்தைக்கு அப்பா விழுந்துவிட்டார். நானும்தான்.

சிஸ்டத்தை ஆன் செய்து பத்து நிமிஷம் ஏதோ ஓட்டிப் பார்த்துவிட்டு, கிராஃபிக்ஸ் கார்டு சாகப்போகிறது என்றார். பக்கத்து டேபிளில் ஒரு சிஸ்டத்தில் கேம் வழுவழுவென்று ஓடிக்கொண்டிருந்தது. "இதுல இருக்கிறது ஆர்எக்ஸ் 580, எட்டு ஜிபி. உங்களுது ஆறு ஜிபிதானே சார்?" என்றார். ஆறைவிட எட்டு பெரிது, அப்பா தலையாட்டினார். அந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஜிபி கூட இருந்தால் மட்டும் கார்டு வேகமாகிவிடாது என்று எனக்குத் தெரியும், 1660 சூப்பர் அதைவிட நல்ல கார்டு என்று படித்தும் இருக்கிறேன். ஆனால் சாகிற கார்டைவிட உயிரோடு இருக்கிற கார்டு மேல் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அப்பா எதிரில் அவரோடு மல்லுக்கட்டத் தயக்கம்.

கணக்கு இதுதான். கார்டு 16,000. சர்வீஸ், க்ளீனிங் 1,500. என் பழைய கார்டுக்குக் கழிவு 3,000. நிகரம் 14,500. ஜிபே பண்ணுகிறேன் என்றேன். "அக்கவுன்ட்ல வந்தா பில்லு போடணும்மா, 18 பர்சென்ட் ஜிஎஸ்டி ஏறும், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?" என்றார். என்னிடம் இருந்த ஆறாயிரத்தோடு, சீட்டு எடுத்த பணத்திலிருந்து அப்பா எட்டாயிரத்து ஐந்நூறு போட்டார். 14,500 ரூபாய் ரொக்கம். ஒரு துண்டுக் காகிதத்தில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சிஸ்டத்தை மூன்று நாள் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். பஸ்ஸில் வரும்போது அப்பா சொன்னார்: "நல்ல மனுஷன்மா."

வீட்டுக்கு வந்த அன்றே முன்பைவிட மோசம். பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. போன் செய்தேன். புது கார்டு செட் ஆக ரெண்டு நாள் ஆகும் என்றார். இரண்டு நாள் கழித்துக் கேட்டால் விண்டோஸ் அப்டேட் கோளாறு. அடுத்த வாரம், உங்க ஊர் கரன்ட் வோல்டேஜ் சரியில்லை. அதற்கடுத்த தடவை போனை எடுத்தது கடைப் பையன். அண்ணன் சாப்பிடப் போயிருக்கார். நாலரை மணிக்கு அப்படி என்ன சாப்பாடு?

சரி என்று லீவு போட்டு, கேபினெட்டை நானே தூக்கிக்கொண்டு தனியாகப் போனேன். ஆட்டோவுக்கு மட்டும் முந்நூறு. அவர் கேமைப் போட்டார். திரையின் மூலையில் எஃப்பிஎஸ் எண், அதாவது நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்பது, தெரிந்தது. அதன் மேல் விரலை வைத்து, "அறுபது காட்டுதே, அப்புறம் என்ன பிரச்னை?" என்றார். அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. இப்போது வருகிறது, எழுதியே விடுகிறேன். அந்த எண் வெறும் சராசரி. நொடிக்கு அறுபது படம் என்றால் ஒவ்வொரு படமும் சுமார் 16.7 மில்லிசெகண்டில் வர வேண்டும். ஐம்பது படம் வேகமாக வந்துவிட்டு ஒரே ஒரு படம் நூறு மில்லிசெகண்ட் இழுத்தாலும் எண் அறுபதுக்குப் பக்கத்திலேயே நிற்கும். கண்ணுக்கு அது திக்கும். பார்க்க வேண்டியது, ஒவ்வொரு படமும் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஃப்ரேம் டைம் கிராஃப். கேமிங் சிஸ்டம் மட்டுமே பார்க்கிற கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது.

நான் விடாமல் கேட்டதும் குரல் மாறியது. "அப்பாவைக் கூட்டிட்டு வாம்மா. உனக்குச் சொன்னா புரியாது." கடையில் நாலு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கார்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு என் பழைய கார்டைக் கொடுங்கள் என்றேன். அது அன்றைக்கே விற்றுப்போய்விட்டதாம். சாகப்போகிற கார்டை யார் வாங்கினார்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. இந்தக் கார்டுக்கு டெஸ்டிங் வாரன்ட்டி மட்டும்தான், கடையில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டதோடு சரி என்றார். வாங்கும்போது அந்த வார்த்தையே வரவில்லை. அப்புறம் வாட்ஸ்அப்பில் ப்ளூ டிக் மட்டும் விழுந்தது. ஒரு வாரத்தில் அவருடைய படமும் காணாமல் போனது. என்னை ப்ளாக் செய்துவிட்டார்.

நேற்று சென்னையிலிருந்து சித்தி மகன் வந்திருந்தான். ராத்திரி சாப்பிட்டுவிட்டு "என்னக்கா, விளையாடறதே இல்லையா?" என்று கேட்டான், கதையைச் சொன்னேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனான். "அக்கா, உனக்கு ரேம் எவ்ளோ?" பதினாறு என்றேன். திரையில் எட்டு இருந்தது. வேகம் 2400. இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் பயன்பாட்டில் என்று அதிலேயே எழுதியிருந்தது.

பக்கத் தகட்டைக் கழற்றி, போன் டார்ச்சை அடித்துப் பார்த்தோம். போர்டு முழுக்கத் தூசி. க்ளீனிங்குக்குச் சேர்த்து 1,500 வாங்கிய மனுஷன் ஒரு பிரஷ்ஷைக்கூட வைக்கவில்லை. அந்தத் தூசிக்கு நடுவில், காலியாக இருந்த ஸ்லாட் மட்டும் பளிச்சென்று இருந்தது. ஐந்து வருஷமாக அங்கே ரேம் நின்றதால் தூசி விழாத ஒரு நீளக் கோடு. பக்கத்து ஸ்லாட்டில் இருந்ததும் என்னுடையது இல்லை. நான் வாங்கியது 3200 வேகத்தில் கருப்பு ஹீட் ஸ்ப்ரெடர் தகடு போட்ட ஜோடி. உள்ளே இருந்தது தகடே இல்லாத வெறும் பச்சைப் போர்டு. இரண்டையும் எடுத்துக்கொண்டு ஒரு பழைய ரேமைச் சொருகி அனுப்பியிருக்கிறார். கார்டுக்குப் பணம் வாங்கியதோடு விடாமல், உள்ளே கைவைத்துத் திருடியும் இருக்கிறார். ஜோடியாக இரண்டு ரேம் இருந்தால் டூயல் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதையில், ஓடும், ரைசனுக்கு அது ரொம்ப முக்கியம். ஒன்றே ஒன்று, அதுவும் வேகம் குறைந்தது என்றால் திக்காமல் என்ன செய்யும்?

அடுத்து, கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை இறக்கிப் பார்த்தான். ஆர்எக்ஸ் 580 என்றால் ஷேடர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சிறு அலகு) எண்ணிக்கை 2304 இருக்க வேண்டும். என் கார்டில் 2048. பெயர் 580, உள்ளே இருப்பது கிட்டத்தட்ட அதற்குக் கீழ்ப்படியான 570. 2048எஸ்பி என்று முதலில் சீனச் சந்தைக்காக வந்த வகையாம். 2022 செப்டம்பரில், கார்டுகளை ஓயாமல் ஓட்டி எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கும் மைனிங் நின்றுபோனபோது மூட்டை மூட்டையாகக் கார்டுகள் விற்பனைக்கு வந்தன. என்னுடையதும் அப்படி ராப்பகலாக ஓடி ஓய்ந்ததாகத்தான் இருக்கும் என்கிறான் தம்பி. 16,000 ரூபாய்க்கு.

இன்னும் ஒன்று பாக்கி. சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்துவைத்துவிட்டு கேமை ஓட்டச் சொன்னான். ஏழாவது நிமிஷத்தில் பிராசசர் 95 டிகிரி. 3600-க்கு அதுதான் உச்சவரம்பு. அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குறையும்போதுதான் படம் பிடித்துக்கொள்கிறது. என் பழைய கார்டு 125 வாட் இழுக்கிறது. இந்தக் கார்டு அதைவிட அதிகம் இழுத்து, அந்தச் சூட்டையும் அதே பெட்டிக்குள்தான் கக்குகிறது. கார்டு மாற்றியதும் மோசமானதற்குக் காரணம் புரிந்ததா?

சூடு ஆறுவதற்குள், பிராசசர் மேல் இருக்கும் கூலரின் நாலு ஸ்க்ரூவையும் கழற்றி மெதுவாகத் திருகித் திருகி எடுத்தான். இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்த வைக்கிற பேஸ்ட் காய்ந்திருக்கும்போது நேராக இழுத்தால் பிராசசரே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடுமாம், பின் வளைந்தால் அத்தோடு முடிந்தது. கூலரின் இதழ்களுக்கு நடுவில் தூசி கம்பளித் துண்டு போல அடைத்திருந்தது. கடற்காற்று ஊரில் அந்தத் தூசியும் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்கிறது, ஊதினால் போகவில்லை. பழைய பேஸ்ட் சுவரில் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு, அவன் பையில் இருந்த பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்து மூடினான். திரும்ப ஓட்டினோம். அரை மணி நேரம் ஆகியும் 74 டிகிரியைத் தாண்டவில்லை. ரேம் குறைவால் அங்கங்கே இன்னும் லேசாகத் திக்குகிறது. ஆனால் அந்தப் பதினைந்து நிமிஷத் தொல்லை போயே போய்விட்டது.

அப்படியென்றால் என் 1660 சூப்பருக்கு ஒன்றுமே ஆகவில்லை. முதல் நாளே தூசி தட்டிப் பேஸ்ட் வைத்திருந்தால் தீர்ந்திருக்கும். சில நூறு ரூபாய் வேலை. அதற்கு 14,500 ரூபாய், ஒரு நல்ல கார்டு, ஒரு ஜோடி ரேம்.

தம்பி நம்பரிலிருந்து ராத்திரியே கூப்பிட்டேன். எடுத்தார். ரேம் என்றதும், "வரும்போதே ஒண்ணுதான்மா இருந்துச்சு. இல்லைன்னு ப்ரூஃப் இருக்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். 2020 பில்லில் ரேமின் சீரியல் நம்பர் இருக்கிறது. ஆனால் அவரிடம் கொடுத்த அன்று உள்ளே என்ன இருந்தது என்பதற்கு என்னிடம் ஒரு போட்டோ இல்லை.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. இவ்வளவு மட்டும் சொல்கிறேன். சிஸ்டத்தைக் கொடுக்கும் முன் பக்கத் தகட்டைத் திறந்து, ரேம், கார்டு, எஸ்எஸ்டி எல்லாவற்றின் சீரியல் நம்பரும் தெரிகிற மாதிரி கடைக்காரர் எதிரிலேயே போட்டோ எடுங்கள். சூடு எவ்வளவு என்று வீட்டிலேயே பாருங்கள். பழைய பார்ட்டைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள். ஜிஎஸ்டி பில் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள், 18 பர்சென்ட் போனால் போகட்டும்.

காலையில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடப் போகிறேன். கடை பாண்டியில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற ஊரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், 2019 சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. என்னிடம் அந்தத் துண்டுக் காகிதமும், அவர் முதல் வாரத்தில் அனுப்பிய இரண்டு வாய்ஸ் மெசேஜும் இருக்கின்றன. ஒன்றில் "நீங்க குடுத்த பதினாலாயிரத்து ஐந்நூறு" என்று அவர் குரலிலேயே இருக்கிறது.

மணி ஐந்தரை. அப்பா எழுந்து பால் வாங்கக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். ரேம் விஷயத்தை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.