டோதனில் கடலை அவிக்க: பச்சைக் காயா, காய்ந்த காயா?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தென்கிழக்கு மூலையில் இருக்கும் டோதன், தன்னை ‘உலகின் நிலக்கடலைத் தலைநகர்’ என்றே சொல்லிக்கொள்ளும். பருத்தியைக் காய்வண்டு அழித்தபின் இந்த வட்டாரம் கடலைக்கு மாறியது. 1938இல் தொடங்கிய தேசியக் கடலைத் திருவிழா இங்கேதான் நடக்கிறது. சாலையோரக் கடைகளில் ஆவி பறக்க விற்பது உப்பில் அவித்த கடலை.

செடியைப் பிடுங்கியதும் பறித்த பச்சைக் காய் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைதான் கிடைக்கும். 1 கிலோவுக்கு 4 லிட்டர் தண்ணீர், 130 கிராம் உப்பு. ஒன்றரை முதல் 3 மணி நேரத்தில் பருப்பு பயறு போல மெத்தென்று ஆகிவிடும். ஆனால் பச்சைக் காயில் ஈரம் அதிகம். பையில் கட்டி வெளியே வைத்தால் சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும். வாங்கியவுடன் குளிர்பெட்டியில் வைத்து, ஓரிரு நாளில் அவித்துவிட வேண்டும்.

காய்ந்த காய் ஆண்டு முழுக்கக் கிடைக்கும். (வறுத்தது ஆகாது, அது மெத்தென்று வராது.) இரவு முழுக்க ஊறவைத்தாலும் 5, 6 மணி நேரம் கொதிக்கணும். தண்ணீர் சுண்டச் சுண்டச் சுடுதண்ணீர் ஊற்றுங்கள், இல்லையென்றால் உப்பு கரிக்கும்.

இரண்டிலும் பலர் செய்யும் தவறு, வெந்ததும் வடிப்பது. அடுப்பை அணைத்து, ஓட்டுக்குள் உப்புநீர் ஏறிக் காய் அடியில் அமிழும்வரை அப்படியே விடுங்கள்.

பருவத்தில் பச்சைக் காய்தான். காய்ந்ததில் அந்த இளம் மணம் வராது.