பிராக், வியன்னா, புடாபெஸ்ட்: முழங்கால் வலிக்காரருடன் போனால் எந்த ஊர்?

சென்ற செப்டம்பரில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு நானும் என் மனைவியும் ஒன்பது இரவுகள் ஐரோப்பா போய் வந்தோம். பிராகில் மூன்று, வியன்னாவில் நான்கு, புடாபெஸ்டில் இரண்டு. அம்மாவுக்கு 71 வயது. இரண்டு மூட்டிலும் தேய்மானம். சமதரையில் அரை மணி நேரம் நடப்பார். படி என்றால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகத்தான். ஊர் திரும்பியதிலிருந்து, இந்த மூன்றில் ஒரே ஊருக்குத்தான் நாள் இருக்கிறது என்றால் எங்கே போவது என்று உறவினர்கள் கேட்கிறார்கள். வியன்னா என்கிறேன். கிளம்புவதற்கு முன் கேட்டிருந்தால் யோசிக்காமல் பிராக் என்றிருப்பேன்.

வியன்னாவுக்கு நான்கு இரவு ஒதுக்கியதுகூட ஆசையால் அல்ல, விசாவால். மூன்று ஊருக்கும் சேர்த்து ஒன்றாகக் கிடைக்கும் ஷெங்கன் விசாவுக்கு, அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் கால் வைக்கும் நாடு. எங்களுக்கு வசதியான விண்ணப்பத் தேதி, வியன்னா இருக்கும் ஆஸ்திரியாவுக்குக் கிடைத்தது. அதற்கேற்ப பிராகில் ஓர் இரவைக் குறைத்து வியன்னாவில் சேர்த்தோம். ஆகவே எந்த ஊர் தலைமை இடம் என்பதை விமான டிக்கெட் வாங்குவதற்கு முன்பே முடிவுசெய்துவிடுங்கள். பிறகு மாற்றினால் எல்லாத் தாள்களும் மாறும்.

மற்ற வேறுபாடுகளைச் சட்டென்று சொல்லிவிடலாம். மூன்றிலும் செலவு அதிகம் வியன்னாவில், முக்கியமாக அறை வாடகை. அங்கே யூரோ, பிராகில் கொருனா, புடாபெஸ்டில் ஃபோரிண்ட். மூன்று நாணயங்களின் சில்லறையும் பையில் கலந்து, கழிப்பறை வாசலில் நின்று தேடுவது தனி அனுபவம். பிராகிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் சுமார் நான்கு மணி நேரம், அங்கிருந்து புடாபெஸ்டுக்கு மூன்று மணி நேரத்துக்குள். அரண்மனை, தேவாலயம், ஆறு மூன்று ஊரிலும் உண்டு. வியன்னாவின் ஆறான டான்யூப் மட்டும் பழைய நகரத்தை ஒட்டி ஓடாது. ஆற்றங்கரை நகரத்தைக் கற்பனை செய்துகொண்டு போனால் ஏமாற்றம்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் என்பது தரை.

பிராக் இம்மூன்றில் மிக அழகானது. இதில் எனக்கு இப்போதும் இரண்டாவது கருத்து இல்லை. 1357இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலத்தின் முப்பது சிலைகளுக்கு நடுவே அதிகாலை ஆறரை மணிக்கு நடந்ததை மறக்க முடியாது. அந்த நடையில் அம்மா இல்லை. பாலமும் கல் பாவியது, பாலத்துக்குப் போகும் சந்தும் கல் பாவியது, பழைய நகரச் சதுக்கமும் கல் பாவியது. நடைபாதையிலோ கைக்குள் அடங்கும் சிறு சிறு கற்களைக் கோலம் போல் அடுக்கியிருக்கிறார்கள். பார்க்க அழகு, ஆனால் ஒரு கல் இறங்கியிருக்கும், பக்கத்துக் கல் ஏறியிருக்கும். மூட்டு வலிக்காரர் அங்கே ஊரைப் பார்க்க முடியாது, தரையைத்தான் பார்க்க முடியும். இரண்டாம் நாள் மாலை அம்மா அதையே சொன்னார்: "கோபுரம் எல்லாம் எப்படி இருக்கிறது என்று நீயே சொல்லிவிடு. நான் குனிந்துகொண்டே வருகிறேன்."

தங்கும் இடத்தில் என் முட்டாள்தனமும் சேர்ந்தது. படங்களைப் பார்த்து மயங்கி, கோட்டைக்கு ஏறும் நெருடோவா தெருச் சரிவை ஒட்டி அறை எடுத்திருந்தேன். காலையில் இறக்கம், மாலையில் ஏற்றம். உங்களோடு வயதானவர் வருகிறார் என்றால், அந்தத் தெரு இருக்கும் மாலா ஸ்த்ரானா மேட்டுப் பகுதியைத் தொடாதீர்கள். ஆற்றின் மறுகரையில் டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தங்குங்கள். கோட்டைக்குப் போக 22ஆம் எண் டிராம் இருக்கிறது. மேலே பிராஷ்ஸ்கி ஹ்ராட் என்ற நிறுத்தத்தில் இறங்கினால் ஏற்றமே இல்லாமல் பின்வாசல் வழியாக உள்ளே போய்விடலாம். இது மட்டும் எனக்கு முன்பே தெரிந்திருந்தது. 1344இல் தொடங்கி 1929இல் முடித்த விட்டஸ் பேராலயத்தை அம்மா நிமிர்ந்து பார்த்தது அதனால்தான். டிராம் வண்டிகள் கலவை: புதியவற்றில் நேராக ஏறலாம், பழையவற்றில் மூன்று உயரப் படிகள். எது வரும் என்பது அதிர்ஷ்டம். சுரங்க ரயிலோ இன்னொரு சோதனை. நாமெஸ்தி மீரு நிலையத்தின் நகரும் படிக்கட்டு 87 மீட்டர் நீளம். நீளத்தைவிட அதன் வேகம்தான் அம்மாவைப் பயமுறுத்தியது. கால் வைப்பதற்குள் படி ஓடிவிடுகிறது என்றார்.

ஆனாலும் இந்தப் பயணத்தில் அம்மா மிகவும் நெகிழ்ந்து நின்ற இடம் பிராகில்தான். அம்மா ஓய்வுபெற்ற தமிழாசிரியை. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் பிறந்து, படித்து, தமிழ் கற்பித்த ஊரைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. 1968இல் சோவியத் படைகள் புகுந்த பிறகு நாட்டைவிட்டுப் போனவர் அவர். சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம் ஆற்றங்கரையில், யான் பாலாக் சதுக்கத்தில் இருக்கிறது. அந்த ஆக்கிரமிப்பை எதிர்த்து 1969 ஜனவரியில் தீக்குளித்த பாலாக், அதே புலத்தின் மாணவர். உள்ளே போகவில்லை, எதிரே நின்று பார்த்தோம், அவ்வளவுதான். எந்த வழிகாட்டியும் கூட்டிப்போகாத இடம். ஆற்றங்கரை என்பதால் சமதரை, பக்கத்திலேயே டிராம்.

பிராகில் கால் வலிப்பதற்கும் பிராக் அழகாக இருப்பதற்கும் ஒரே காரணம்தான் என்பது எனக்கு வியன்னாவில் போய்த்தான் புரிந்தது. பிராகைப் பெரிதாக யாரும் இடிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சிலும் பெரும்பகுதி தப்பியது. நடுக்காலத்துச் சந்து நடுக்காலத்துச் சந்தாகவே இருக்கிறது. விதிவிலக்கு யூதர் குடியிருப்பான யோசெஃபோவ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அதன் பெரும்பகுதியை இடித்து, பாரிஷ்ஸ்கா என்ற அகலத் தெருவைப் போட்டார்கள். பழைய நகரத்தில் அம்மா தயக்கமில்லாமல் நடந்தது அந்தத் தெருவில்தான். ஒரு சமூகத்தின் வீடுகளை அழித்துப் போட்ட சாலை என்று தெரிந்த பிறகு அதில் நிம்மதியாக நடப்பதும் எளிதாக இல்லை.

வியன்னா தன்னைத் தானே இடித்துக்கொண்ட ஊர். பேரரசர் ஃபிரான்ஸ் யோசப் 1857இல் கோட்டைச் சுவர்களை இடிக்க உத்தரவிட்டார். சுவரும் அதற்கு வெளியே இருந்த வெற்றுவெளியும் இருந்த இடத்தில் ரிங்ஸ்ட்ராஸே என்ற சுற்றுச்சாலை வந்தது. திறப்பு விழா 1865இல். ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம். அகலம், மட்டம், இருபுறமும் மரம், மரத்தடியில் பெஞ்சு. ஆபெரா, இரட்டை அருங்காட்சியகங்கள், பாராளுமன்றம், நகர மன்றம், பல்கலைக்கழகம் எல்லாவற்றையும் அந்தச் சாலையிலேயே வரிசையாகக் கட்டிவைத்தார்கள். எனவே பார்க்க வேண்டியதில் பாதியை டிராமில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். முன்பு ஒரே டிராம் முழுச் சுற்றும் வந்தது. 2008க்குப் பிறகு 1, 2 என்று இரண்டு வண்டி மாறி ஏற வேண்டும். அதில் சிரமமில்லை. வியன்னாவின் தாழ்தள டிராமுக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண்கூட இருக்காது. அம்மா யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். நான்காம் நாள் எங்களுக்கு முன்பே ஏறி எங்களுக்கும் சேர்த்து இடம் பிடித்திருந்தார்.

இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பயணத் திட்டம் போடும்போது ஓர் ஊரில் எத்தனை இடங்கள் இருக்கின்றன என்று எண்ணுகிறோம். இரண்டு இடத்துக்கு நடுவே எங்கே உட்காரலாம் என்று எண்ணுவதில்லை. வயதானவருக்கு அதுதான் கணக்கு. வியன்னாவின் காப்பிக் கடைகளில் மெலாஞ்ச் என்ற பால் காப்பி ஒன்றை வாங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பில்லைக் கொண்டுவந்து வைத்து யாரும் எழுப்பவில்லை. சிறு தட்டில் காப்பியோடு ஒரு டம்ளர் தண்ணீரும் தருகிறார்கள். ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து 1873 முதல் குழாயில் வரும் தண்ணீர் அது. மாத்திரை போட்டுக்கொள்ள அம்மாவுக்கு அதுவே வசதி. காப்பியைப் பற்றி அவருக்கு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை. டிகாக்‌ஷன் இறங்கவே இல்லை என்றார். ஆனால் ஆப்பிள் ஸ்ட்ரூடலை மூன்று நாள் தொடர்ந்து கேட்டார். முட்டை சேர்த்துக்கொள்ளும் சைவருக்கு ஓரளவு வழி இருக்கிறது: பாலாடைக்கட்டி கலந்த ஷ்பெட்ஸ்லே என்ற நூடுல்ஸ், சர்க்கரை தூவிய கைசர்ஷ்மார்ன் என்ற அப்பத் துண்டுகள். சூப்பில் மட்டும் பன்றிக்கொழுப்பு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் லிஃப்ட் இருக்கிறது, ஓவியக் கூடங்களின் நடுவே மெத்தை வைத்த சோஃபாக்கள் இருக்கின்றன. பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் புரூகலின் ஓவியங்கள் இங்கே இருப்பது போல் வேறெங்கும் இல்லை. 1563இல் அவர் வரைந்த, பைபிள் கதையில் வரும் பாபேல் கோபுரத்தின் எதிரே அம்மா அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "இதற்கும் ஏறித்தான் போக வேண்டுமா?" என்று கேட்டார். ஸ்டீபன் பேராலயத்தில் தெற்குக் கோபுரத்துக்கு 343 படிகள். கட்டி முடிக்காமல் பாதியில் விட்ட வடக்குக் கோபுரத்தில்தான் லிஃப்ட். 1683 முற்றுகையில் துருக்கியர் விட்டுப்போன பீரங்கிகளை உருக்கி வார்த்து, 1945இல் விழுந்து உடைந்து, மறுபடி வார்த்த பெரிய மணி அங்கேதான் தொங்குகிறது. ஷோன்ப்ருன் அரண்மனையின் 1,441 அறைகளில் நமக்குக் காட்டுவது கொஞ்சம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் தோட்டம் பெரியது, சரளைக்கல் தரை. தோட்டத்துக்குள் ஓடும் குட்டி ரயிலில் ஏற்றிவிட்டோம்.

வியன்னாவின் குறையையும் சொல்ல வேண்டும். பழைய கட்டடங்களில் மாடி எண்ணும் முறை ஒரு மோசடி. தரைத்தளம், அதற்கு மேல் "உயர் தரைத்தளம்", அதற்கும் மேல் "இடைத்தளம்", அதன் பிறகுதான் முதல் மாடி. இரண்டாம் மாடி என்று எடுத்த வீட்டுக்கு நான்கு மாடி ஏற வேண்டியிருந்தது. லிஃப்ட் இருந்தது, அந்த லிஃப்டை அடைய ஒன்பது படிகள். முன்பதிவு செய்யும்போது, தெருவிலிருந்து லிஃப்டுக்குள் போக எத்தனை படி என்று எழுதிக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே பாலும் தயிரும் வாங்கி வையுங்கள். மேலும் வியன்னா கொஞ்சம் இறுக்கமான ஊர். பிராகின் மாயம் அங்கே இல்லை. எல்லாம் அரசவைத் தோரணை. இள வயதில் தனியாகப் போயிருந்தால் எனக்கு இரண்டாம் நாளே அலுத்திருக்கும்.

புடாபெஸ்டைப் பற்றி இரண்டு இரவின் அறிவோடுதான் பேசுகிறேன், அதிலும் ஒரு பகல் மழை. கரைக்குக் கரை அந்த ஊர் வேறு. 1873இல் ஒன்றாக்கிய ஊர்களில் பெஸ்ட் தட்டை, புடா மேடு. மேட்டுக்கு 16ஆம் எண் பஸ் ஏறிவிடுகிறது, கவலையில்லை. பெஸ்ட் கரையில் 2ஆம் எண் டிராம் பாராளுமன்றத்தை ஒட்டி ஆற்றோரமாகவே போகிறது. ஜன்னலோர இருக்கை கிடைத்தால் படகுக் காசு மிச்சம். நாங்கள் இரவில் படகிலும் போனோம். விளக்கொளியில் அந்தப் பாராளுமன்றக் கட்டடம் பிராகையே ஒரு நிமிடம் மறக்கடித்தது. 1896இல் திறந்த முதல் சுரங்க ரயில் தடம் தெருவுக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகிறது. ஆழமில்லை, இருபது சொச்சம் படி. ஆனால் லிஃப்ட் இல்லை. பிராகின் நகரும் படிக்கட்டைவிட அந்தப் படிகளே மேல் என்பது அம்மாவின் தீர்ப்பு. பெரிய சந்தைக் கட்டடத்தில் சரம் சரமாகத் தொங்கிய சிவப்பு மிளகாயைப் பார்த்து ஆவலோடு ஒரு பொட்டலம் வாங்கினார். நிறம்தான், காரம் கிடையாது. இன்னும் எங்கள் வீட்டில் அப்படியே இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கணக்கில் கோட்டைவிட்டேனோ என்று தோன்றுகிறது. மூட்டு வலிக்காரரைக் கூட்டிக்கொண்டு, வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ஊருக்கு இரண்டே இரவு ஒதுக்கியிருக்கிறேன். 1913இல் திறந்த செசெனி குளியல் மாளிகை அந்தப் பழைய ரயில் தடத்திலேயே இருக்கிறது. வாசல்வரை போனோம். உள்ளே ஆணும் பெண்ணும் நீச்சலுடையில் இடுப்பளவு வெந்நீரில் நின்று சதுரங்கம் ஆடுவார்கள் என்று கேட்டதும் அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "நீங்கள் இருவரும் போய்விட்டு வாருங்கள்" என்று பூங்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நாங்களும் போகவில்லை.

ஆக, கால் நன்றாக இருக்கிறவர்களும் முதல்முறை போகிறவர்களும் பிராகுக்கே போங்கள். நான் தடுக்க மாட்டேன். பெற்றோரோடு போகிறவர்கள் வியன்னாவில் ஐந்து இரவு தங்கி, ரயிலேறிப் புடாபெஸ்டுக்கு இரண்டு இரவு போய்வரலாம். டிசம்பர் மாதக் கிறிஸ்துமஸ் சந்தைக் காலத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. பனியில் எந்த ஊரின் தரை எப்படி இருக்கும் என்று நான் நடந்து பார்த்ததில்லை.

சென்ற வாரம் அம்மா தொலைபேசியில் அழைத்து, அந்த வெந்நீர்க் குளத்தில் முழுக்கை வைத்த நீச்சலுடை போட்டால் விடுவார்களா என்று விசாரிக்கச் சொன்னார்.