முதல் டர்ட் பைக்: எக்ஸ்பல்ஸா கேஎல்எக்ஸா?

மண்ணுல ஓட்டிப் பழக ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி எடுக்கலாமா, கவாசாகி கேஎல்எக்ஸ் 140ஜி எடுக்கலாமான்னு கேட்டா, முதல்ல வெயிட்டைப் பாருங்க. எக்ஸ்பல்ஸ் கிட்டத்தட்ட 160 கிலோ, கேஎல்எக்ஸ் 99 தான், புதுசா ஓட்டுறவன் ஒரு நாளைக்கு பத்து தடவ விழுவான், பத்தாவது தடவ தூக்கும்போது அந்த 60 கிலோ என்னன்னு இடுப்பு சொல்லும். ரெண்டுக்குமே முன்னாடி சக்கரம் 21 இன்ச், பின்னாடி 18, அதுல வித்தியாசம் இல்ல.

ஆனா கேஎல்எக்ஸுக்கு ஹெட்லைட்டும் இல்ல ரிஜிஸ்ட்ரேஷனும் கிடையாது, டிராக் வரைக்கும் வேற வண்டியில ஏத்திட்டுதான் போகணும், விலையும் டபுளுக்கு மேல. எக்ஸ்பல்ஸ்ல ஆபீசுக்கே போலாம், ஸ்பேர் ஊர்லயே கிடைக்கும். பக்கத்துல டிராக் இல்லன்னா யோசிக்காம எக்ஸ்பல்ஸ் எடுங்க, மிச்ச காசுல நல்ல பூட்ஸ் வாங்குங்க (நான் வாங்காம கணுக்கால் வீங்கி ரெண்டு வாரம் நொண்டினேன்).