டிக்கெட் எண் இல்லாத டிக்கெட்: வேலூர் பக்கத்துக்காரர்கள் கவனிக்க

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் பெற்றோரை அனுப்பிவைப்பதாகச் சொல்லி வேலூரில் கடை விரித்திருக்கும் ஒரு டிராவல்ஸ்காரர், என் அப்பா, அம்மா, அத்தை மூவரையும் திரும்பிவர டிக்கெட் இல்லாமல், மருத்துவக் காப்பீடும் இல்லாமல் ஜெர்மனிக்கு ஏற்றிவிட்டார். இரண்டுக்கும் முழுப் பணம் வாங்கிக்கொண்டுதான். வழக்கு நடக்கிறது, அதனால் பெயர் எழுதவில்லை. செய்த விதத்தை எழுதுகிறேன். பலகையை மாற்றிக்கொண்டு நாளைக்கு வேறு தெருவில் உட்கார்ந்தாலும் விதம் இதுவாகத்தான் இருக்கும்.

நான் பிராங்பர்ட் பக்கத்தில், தோல் பதனிடும் ரசாயனங்கள் சார்ந்த வேலையில் இருக்கிறேன். அப்பா ராணிப்பேட்டைத் தோல் ஷாப்பு (தோல் பதனிடும் ஆலை) ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது சத்துவாச்சாரியில் இருக்கிறார். பிராங்பர்ட்டை ஒட்டிய ஒஃபன்பாக்கில் 1917இல் தொடங்கிய தோல் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது என்று நான் எப்போதோ சொன்னதை அவர் மறக்கவே இல்லை. செப்டம்பரில் வருவதாக முடிவானது. அந்த மாதம் எனக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதம். மிலானில் லினியாபெல்லே தோல் கண்காட்சி, தெற்கே ஒரு வாடிக்கையாளர் ஆலையில் சோதனை ஓட்டம், நடுவில் குடியாத்தத்து நண்பன் குடும்பத்தோடு வந்து தங்குவது என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அதனால் ஊரில் நடக்க வேண்டிய வேலைகளை ஊரிலேயே ஒருவரிடம் ஒப்படைத்தார் அப்பா.

வேலூரில் பெரிய மருத்துவமனையைச் சுற்றியிருக்கும் தெருக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வங்காளத்திலிருந்து வரும் நோயாளிகளை நம்பி, வங்காள எழுத்தில் பலகை மாட்டிய விடுதிகளும் ரயில் டிக்கெட் கடைகளும் வரிசையாக இருக்கும். ஹவுராவுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து நேர்மையாகப் பிழைப்பவர்கள் அவர்களில் நிறையப் பேர். நம் ஆள் அதே தொழிலில் இருந்து விசாவுக்கு உயர்ந்தவர். குளிரூட்டிய அறை, சுவரில் ஈபிள் கோபுரம், மேசையில் குட்டி விமானம். அப்பாவை 'ஐயா' என்றும் தொலைபேசியில் என்னைத் 'தம்பி' என்றும் கூப்பிட்டார். பேச்சில் ஒரு குறையும் இல்லை.

முதலில் சில்லறைத் திருட்டு. விசா மையத்தில் நேரம் வாங்க ஆளுக்கு எட்டாயிரம் என்றார். அந்த நேரப் பதிவு விலைக்கு விற்கும் பொருள் அல்ல. ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கான கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ. அதோடு மையத்தின் சேவைக் கட்டணம் சேரும், இரண்டுக்கும் ரசீது உண்டு. அடுத்தது, நான் அனுப்பிய பொறுப்பேற்புப் பத்திரம். விருந்தினரின் செலவை நான் ஏற்கிறேன் என்று இங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் சம்பளச் சீட்டைக் காட்டிக் கையெழுத்திட்டு, 29 யூரோ கட்டி வாங்குவது அது. அதைக் கூரியரில் அனுப்பினேன். அதற்கு 'அட்டெஸ்டேஷன்' என்று ஆறாயிரம் ரூபாய் போட்டிருந்தார். ஜெர்மன் அரசு முத்திரை குத்திய தாளுக்கு வேலூரில் யார் அட்டெஸ்டேஷன் செய்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இதெல்லாம் போகட்டும். காப்பீட்டில் செய்த வேலைதான் துணிச்சலானது.

ஷெங்கன் விசாவுக்கு குறைந்தது 30,000 யூரோ வரை மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். அவர் எடுத்துக் கொடுத்த பாலிசி போலி இல்லை. நல்ல நிறுவனம், உண்மையான எண், விசாவுக்கு அது ஒட்டிப் போனது, விசாவும் வந்தது. அதற்குப் பிறகு, பயணத் தேதிக்கு முன்னால், மூன்று பாலிசியையும் ரத்து செய்து பிரீமியத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பயணம் தொடங்குவதற்கு முன்பு ரத்து செய்தால் சிறு தொகை பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவது வழக்கம். அந்த வழக்கத்தில்தான் இவர் குடியிருக்கிறார். பாலிசியில் அப்பாவின் பெயர், அப்பாவின் பிறந்த தேதி, ஆனால் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் டிராவல்ஸ்காரருடையவை. ரத்தான செய்தி எங்களுக்கு வர வழியே இல்லை. அப்பா கையில் அழகாக அச்சிட்ட பாலிசித் தாள் மட்டும் இருந்தது.

நான் மிலானில் கண்காட்சி அரங்கில் இருந்தபோது அம்மா வீட்டு நிலவறைப் படியில் சறுக்கி விழுந்தார். மணிக்கட்டு வீங்கிவிட்டது. என் மனைவி மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விட்டு, அங்கிருந்தே காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டாள். எதிர்முனையில் இருந்த பெண் பணிவாகச் சொன்னார்: இந்தப் பாலிசி தொடக்க தேதிக்கு முன்பே முகவரின் வேண்டுகோளின்படி ரத்தாகிவிட்டது. எலும்பு முறியவில்லை என்பது எங்கள் நல்ல காலம். எக்ஸ்ரேயும் கட்டும் சில நூறு யூரோவோடு போனது. இடுப்பு எலும்பாக இருந்திருந்தால் நான் கையெழுத்திட்ட அந்தப் பொறுப்பேற்புப் பத்திரம் என் கழுத்தைத்தான் பிடித்திருக்கும். 

மனைவிக்கு உடனே சந்தேகம் டிக்கெட் பக்கம் போனது. விமான நிறுவனத்தின் தளத்தில் திரும்பும் பயணத்தின் பி.என்.ஆரைப் போட்டுப் பார்த்தாள். அப்படி ஒரு பதிவே இல்லை என்றது.

நடந்தது இதுதான். விசா விண்ணப்பத்தோடு முழு டிக்கெட் கேட்பதில்லை, முன்பதிவுத் தாள் போதும். விசா கிடைப்பதற்கு முன் டிக்கெட்டுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதுதான் எல்லோரும் சொல்லும் புத்தி. முகவர்கள் தங்கள் கணினியில் இடத்தைப் பிடித்து வைப்பார்கள். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான் அது. குறித்த நேரத்துக்குள் பணம் கட்டி டிக்கெட் வெளியிடாவிட்டால் இடம் தானாக விழுந்துவிடும். விசா வந்ததும் போகும் பயணத்துக்கு மட்டும் உண்மையான டிக்கெட் எடுத்தார். திரும்பும் பயணத்துக்குப் பழைய துண்டையே, 'உறுதி செய்யப்பட்டது' என்ற சொல்லோடு, தன் கடைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தார். சென்னை விமான நிலையத்திலும் அதைக் காட்டினார்கள், பிராங்பர்ட்டில் கடவுச்சீட்டு பார்த்த அதிகாரியிடமும் காட்டினார்கள். எவரும் எண்ணைத் தட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மூன்று முதியவர்களை அங்கேயே நிறுத்தி வைத்திருப்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே ஓர் அடையாளம் போதும். ஆறு எழுத்துப் பி.என்.ஆர். இருந்தால் பதிவு இருக்கிறது என்று மட்டும் பொருள். டிக்கெட் வெளியானால் அதற்கென்று 13 இலக்க எண் வரும். முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தின் குறியீடு. ஏர் இந்தியா என்றால் 098, எமிரேட்ஸ் 176, லுஃப்தான்சா 220. எங்களுக்குக் கொடுத்த தாளில் போகும் பயணத்தின் கீழே அந்த எண் இருந்தது. திரும்பும் பயணத்தின் கீழே இருந்த இடத்தில் 'இனிய பயணம்' என்று பூப்போட்டு எழுதியிருந்தார்.

தொலைபேசியில் பிடித்தபோது முதல் நாள் 'சிஸ்டம் கோளாறு தம்பி' என்றார். அடுத்த நாள் விமான நிறுவனம் செய்த தவறு. அதற்கடுத்து அவர் திருப்பதியில் இருந்தார். வெகுநாள் திருப்பதியிலேயே இருந்தார். காட்பாடியிலிருந்து திருப்பதி சில மணி நேரப் பயணம்தான் என்பது அவருக்கு நினைவில்லை போலும். இதற்கிடையில் நாங்கள் காத்திருக்க முடியாது. கடவுச்சீட்டில் ஒட்டிய விசா வில்லையில் செல்லுபடியாகும் தேதிகளோடு, எத்தனை நாள் தங்கலாம் என்ற எண்ணும் தனியாக இருக்கும். அதைத் தாண்டினால் அடுத்த முறை விசா கேட்கும்போது பெற்றோர்தான் பதில் சொல்ல வேண்டும். கடைசி நேரத்தில் மூன்று பேருக்கு ஒருவழி டிக்கெட் எடுத்தேன். டிராவல்ஸ்காரருக்குப் போகவும் வரவும் சேர்த்துக் கொடுத்த தொகைக்கு அது ஏறக்குறைய சமம். ஹாம் நகரத்தில் ஈழத்தமிழர்கள் 2002இல் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோவிலுக்குப் போவதாக இருந்த வார இறுதி, வங்கிக்கும் விமான நிறுவனத்துக்கும் பேசியே கழிந்தது. அத்தை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். தோல் அருங்காட்சியகத்துக்கு மட்டும் போனோம். அப்பா ஒவ்வொரு தோலையும் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கம் இருந்த ஒரே பலம் அப்பாவின் பழக்கம். முப்பது ஆண்டு கிடங்குக் கணக்குப் பார்த்த மனிதர், துண்டுச் சீட்டைக்கூடத் தேதி எழுதிக் கோப்பில் குத்தி வைப்பார். பணத்தில் பாதி ரொக்கம். மீதி கடைப் பெயரில் இல்லாமல் ஒரு தனிநபர் கணக்குக்குக் கைபேசி வழியாகப் போயிருந்தது. ரொக்கத்துக்கும் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். கையெழுத்துப் போடும்போது அந்த ஆள் சிரித்தாராம், ஐயாவுக்கு என்னிடம் நம்பிக்கை இல்லை என்று.

ஊர் திரும்பியதும் முதலில் நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தோம். பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாக ரத்து விவரம் கேட்டு வாங்கினோம்: யார் கேட்டார், எந்தத் தேதி, பணம் எந்தக் கணக்குக்குப் போனது. வழக்குக்கு அந்த ஒரு தாள் பத்துச் சாட்சிக்குச் சமம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். வழக்கறிஞர் இல்லாமலும் நடத்தலாம். அப்பா அப்படித்தான் நடத்துகிறார்.

இதே கையால் ஏமாந்தவர்கள் ஆற்காடு, வாலாஜா பக்கமும் இருப்பதாகக் கேள்வி. ரசீது இருந்தால் தனித்தனியாக மனு கொடுங்கள். இனி அனுப்பப் போகிறவர்கள் பாலிசியிலும் டிக்கெட்டிலும் உங்கள் கைபேசி எண்ணைப் போடச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிடுங்கள். பயணத்துக்கு முந்தின நாள் காப்பீட்டு நிறுவனத்தையும் விமான நிறுவனத்தையும் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். எங்கள் வீட்டுக்கு அதே மாதம் வந்த குடியாத்தத்து நண்பன் எல்லாவற்றையும் நிறுவனங்களிடமே நேராக வாங்கியிருந்தான். அவனுக்கு ஆன செலவு எங்களுக்கு ஆனதில் பாதிகூட இல்லை.

ஆணையத்தின் அறிவிப்பு போன பிறகு டிராவல்ஸ்காரர் திருப்பதியிலிருந்து வந்துவிட்டார். பாதித் தொகை தருகிறேன், மனுவைத் திரும்பப் பெறுங்கள் என்று ஆள் அனுப்பினார். முழுத் தொகை, நாங்கள் எடுத்த ஒருவழி டிக்கெட்டின் விலை, மருத்துவமனைச் செலவு, அட்டெஸ்டேஷன் ஆறாயிரம், இவ்வளவும் வங்கி வழியாக வந்தால் பேசலாம் என்று அப்பா பதில் அனுப்பியிருக்கிறார். அடுத்த வாய்தா தை மாதத்தில்.