வாஷிங் மெஷினுக்கு மேலே ஒரு கேஸ் ஹீட்டர்: ஒன்பது வருட அனுபவம்

2016 இறுதியில் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஐந்தறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குச் சாவி வாங்கினோம். இரண்டு குளியலறை, நாலு பேர், காலையில் எல்லாருக்கும் ஒரே அவசரம். தொட்டி வைத்த மின்சார ஹீட்டரில் மூன்றாவது ஆள் போவதற்குள் தண்ணீர் ஆறிவிடும். வாடகை வீட்டில் பட்ட பாடு அது. அதனால் கேஸ் ஹீட்டர் என்று முடிவு செய்தோம். நிமிடத்துக்கு 10 லிட்டர் வெந்நீர், விசிறி இல்லாத சாதாரண வகை, இரண்டு பெரிய பேட்டரியில் பொறி வரும். சர்வீஸ் யார்டில், அதாவது துணி துவைத்து உலர்த்தும் பகுதியில், வாஷிங் மெஷினுக்கு மேலே இருந்த சுவரில் மாட்டினோம். அந்த இடம்தான் பின்னால் வினையாயிற்று. அதற்கு வருகிறேன்.

முதல் மூன்று வருடம் பெட்டி அங்கே இருப்பதே மறந்துபோனது. குழாயைத் திறந்தால் 'டிக் டிக்' சத்தம், ஒரு சின்ன 'புஸ்', வெந்நீர். சென்னையில் அக்கா வீட்டு கீசரை வருடம் தவறாமல் பிரித்து, போர் தண்ணீர் படியவைத்த வெள்ளைச் சுண்ணாம்பைச் சுரண்டி எடுப்பார்கள். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் அந்தத் தொல்லை கிடையாது. மொட்டைமாடித் தொட்டி கழுவிய மறுநாள் மட்டும் தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் சின்ன வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவேன். அடைத்துக்கொண்டால் அழுத்தம் குறையும்; அழுத்தம் குறைந்தால் ஹீட்டர் பற்றவே பற்றாது. எங்கள் புளோக்கில் மேல்மாடிக்காரர்கள் "ஹீட்டர் கெட்டுப்போச்சு" என்று புலம்புவதில் பாதி இதுவாகத்தான் இருக்கும். மீதி, தீர்ந்துபோன பேட்டரி.

வாங்கும்போதே ஒரு பெரிய தவறிலிருந்து தப்பினோம். எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூரில் பாதி விலைக்குக் கிடைக்கிறது, காரில் போட்டுக் கொண்டுவந்துவிடலாம் என்று மச்சான் ஒற்றைக்காலில் நின்றார். அங்கே விற்பது சிலிண்டர் வாயுவுக்கான ஹீட்டர். எங்கள் வீட்டுக்குக் குழாயில் வருவது செனோக்கோவில் தயாராகும் நகர எரிவாயு. காலாங்கில் 1862இல் தொடங்கிய பழைய எரிவாயு ஆலையை 1998இல் மூடிய பிறகு, இந்த வாயு செனோக்கோவிலிருந்துதான் வருகிறது. இதில் பெரும்பங்கு ஹைட்ரஜன். சிலிண்டர் வாயுவைவிட இதற்குச் சூடு தரும் திறன் குறைவு, ஆனால் தீ ஓடும் வேகம் மிக அதிகம். ஒன்றுக்கென்று துளையிட்ட பர்னரில் மற்றொன்றை விட்டால் சுடர் பர்னருக்குள்ளேயே பின்வாங்கி எரியலாம், அல்லது அளவுக்கு மீறிப் பொங்கலாம். பெட்டியின் பக்கவாட்டில் எந்த வாயுவுக்கானது என்று ஒட்டியிருப்பார்கள். விலையைப் பார்க்கும் முன் அதைப் படியுங்கள். மச்சானுக்கு இன்னமும் வருத்தம்தான், நூறு வெள்ளி (டாலர்) போச்சே என்று.

இப்போது வினைக்கு வருகிறேன்.

2019 டிசம்பர். மழைக்காலம். பட்டுக்கோட்டையிலிருந்து அம்மா வந்திருந்தார்கள். யார்டில் சாரல் அடிக்கிறது, காயப்போட்ட துணி நனைகிறது என்று ஜன்னல்களை இழுத்துச் சாத்திவிட்டார்கள். துணியையும் உள்பக்கமாகவே, ஹீட்டருக்கு நேர் முன்னால் தொங்கவிட்டிருக்கிறார்கள். நாங்கள் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, "தலை கிறுகிறுங்குதுப்பா, ராத்திரி தூக்கம் சரியில்லை போல" என்றார்கள். கீழே போய், புளோக்கின் அடியில் திறந்தவெளியாக இருக்கும் வெற்றுத்தளத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டியோடு அரைமணி நேரம் பேசிவிட்டு வந்ததும் சரியாகிவிட்டது. மறுநாள் காலையில் மறுபடியும் அதே கதை. வெளியே போனால் சரியாகிற தலைவலி என்றதும்தான் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. யார்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். ஹீட்டரின் சின்னக் கண்ணாடிக்குள் நீலமாக நிற்கவேண்டிய சுடர் மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்தது. மேலே புகை வெளியேறும் இடுக்கைச் சுற்றிச் சுவரில் கரித்திட்டு. வெந்நீரை நிறுத்தி, ஜன்னலையெல்லாம் திறந்து, ஹீட்டர் வால்வை மூடி, அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

இதில் எனக்கு உறைத்த விஷயம் வேறு. அதற்கு ஆறு மாதம் முன்புதான் ஒருவரை வைத்து சர்வீஸ் செய்திருந்தேன். 40 வெள்ளி, இருபது நிமிடம். மேல்மூடியைத் துடைத்தார், பேட்டரி மாற்றினார், "ஓகே" என்றார். உள்ளே திறக்கவே இல்லை. உரிமம் இருக்கிறதா என்று நானும் கேட்கவில்லை. மலிவு என்று போனதற்குக் கிடைத்த பலன்.

இந்தமுறை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற எரிவாயுச் சேவை ஊழியரைத் தேடிப் பிடித்தேன். ஆணையத்தின் இணையத்தளத்தில் பெயரைச் சரிபார்க்கலாம். வயதான சீன அங்கிள். மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கற்றையை இழுத்துக் காட்டினார். பஞ்சு. எங்கள் துண்டுகளும் டீ-ஷர்ட்டுகளும் உதிர்த்த பஞ்சு! வாஷிங் மெஷினுக்கு மேலே, துணி உலர்த்தும் இடத்தில் மாட்டிய ஹீட்டர், அடிப்பக்கத்தால் காற்றை உறிஞ்சும்போதெல்லாம் மூன்று வருடமாகப் பஞ்சையும் சேர்த்து உறிஞ்சியிருக்கிறது. அது பர்னரில் காற்று கலக்கும் வழியை அடைத்திருக்கிறது. காற்று போதாத சுடர் மஞ்சளாகிக் கரியைக் கக்கும். அந்தக் கரி மேலேயுள்ள செம்புத் தகடுகளுக்கிடையே படிந்து புகை போகும் வழியையும் அடைக்கும். புகை போகாவிட்டால் எரிப்பு இன்னும் மோசமாகும். இப்படி ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டே போய்க் கடைசியில் வருவது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, மணம் கிடையாது. கேஸ் கசிந்தால் மூக்கைத் துளைக்கிற அந்த நாற்றம், தெரியவேண்டும் என்றே கலந்த வாடை. எரிந்து வரும் புகைக்கு அந்த உதவியும் இல்லை. இத்தனைக்கும் மேலே நாங்கள் ஜன்னலை வேறு சாத்திவைத்திருந்தோம்.

அங்கிள் பர்னரை வெளியே எடுத்துப் பிரஷ் போட்டார், தகடுகளைக் கழுவினார், இணைப்புகளில் சோப்பு நுரை தடவி குமிழி விடுகிறதா என்று பார்த்தார், வாயு அழுத்தத்தை அழுத்தமானியால் அளந்தார், சுடர் அணைந்தால் வாயுவை நிறுத்தும் பாகம் வேலை செய்கிறதா என்று சோதித்தார். ஒன்றரை மணி நேரம், 120 வெள்ளி. சர்வீஸ் என்றால் இது. அதிலிருந்து தீபாவளி முடிந்து மழைக்காலம் தொடங்கும் முன் வருடம் ஒருமுறை அவர்தான் வருகிறார். 2022இல் தண்ணீர் வால்வின் ரப்பர் சவ்வு கிழிந்து சொட்டியது, மாற்றினார். அதைத் தவிரப் பெரிய செலவு இல்லை.

நானாகச் செய்வது கொஞ்சம்தான். பேட்டரி, வடிகட்டி, வாரம் ஒருமுறை சுடரின் நிறம், அடிப்பக்க இடுக்கில் வேக்யூம். மூடியைக் கழற்றுவதில்லை. யூடியூபில் கழற்றிக் காட்டுகிறார்கள், எனக்கு அந்தத் தைரியம் வேண்டாம். துணிக் கம்பியை யார்டின் மறுகோடிக்கு மாற்றினேன். படுக்கையறைகளுக்கு வெளியே நடையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வைத்தேன். அதற்கும் ஆயுள் உண்டு, காலாவதித் தேதி பின்னால் அச்சிட்டிருக்கும். ஊருக்குப் போகும்போது மீட்டர் பக்கத்து வால்வை மூடிவிடுவேன். கைப்பிடி குழாய்க்குக் குறுக்காக நின்றால் மூடியிருக்கிறது என்று அர்த்தம். கேஸ் நாற்றம் வந்தால் அந்த வால்வை மூடு, ஜன்னலைத் திற, லைட் ஸ்விட்சைத் தொடாதே, வெளியே போய்ப் போன் பண்ணு. மகளுக்கு ஆறாம் வகுப்பிலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். அவளுக்கு ஹீட்டரில் பிடிக்காத ஒரே விஷயம், 20 நிமிடம் தொடர்ந்து ஓடினால் தானாக நின்றுவிடும். எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் அதுதான்.

குறை சொல்வதென்றால், வெப்பம் ஒரே சீராக வராது. இன்னொரு குளியலறையில் குழாய் திறந்தால் இங்கே சில்லென்று ஆகும். ஜனவரிக் காற்று யார்டுக்குள் வீசினால் சுடர் சிலசமயம் அணையும்.

போன மாதச் சர்வீஸில் செம்புக் குழாய் மூட்டு ஒன்றில் பச்சைக் கறை இருப்பதை அங்கிள் காட்டினார். "இன்னும் ஒரு வருஷம் ஓடும், ஆனா புதுசுக்குக் காசு சேர்த்து வை" என்றார். அடுத்தது விசிறியும் புகைக்குழாயும் உள்ள வகை. புகையைச் சுவருக்கு வெளியே தள்ளிவிடும். வாஷிங் மெஷினுக்கு மேலே மட்டும் கிடையாது. எதிர்ச்சுவரில் துளைபோட வீவக அனுமதி வேண்டுமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.